ஆணவமும் வீழ்ச்சியும்: ஓர் ஒப்பியல் நோக்கு

நல்லவனாகிய இறைவன் நல்லதாகப் படைத்த உயிர் பாவத்தில் வீழ்ந்தது எங்ஙனம் என்னும் வினா, மில்டனின் ‘சுவர்க்க நீக்கம்’ (1667) காப்பியத்திற்கு அடிப்படையாகும். ஐந்தாம் பகுதியில் சாத்தான் தன் கூட்டத்தாரைக் கிளர்ச்சிக்குத் தூண்டுகிறான். அவ்வுரையைக் கேட்டோருள் அப்தியேல் என்னும் வானவன் மட்டும் அதனை மறுத்து நிலைபெறுகிறான். இருவரும் நல்லவராகவே படைக்கப்பட்டவர். எனவே, வீழ்ச்சிக்குக் காரணம் படைப்பன்று, விருப்புரிமையே என்பது பெறப்படும். ஆயினும், விருப்புரிமை வீழ்ச்சி இயலும் என்பதை விளக்குமேயன்றி, ஒருவன் வீழ மற்றவன் நின்றது ஏன் என்பதை விளக்காது. இன்மையிலிருந்து படைக்கப்பட்டமையால் உயிர் மாறும் இயல்பினது. தீய விருப்பத்திற்கு ஆக்கும் காரணம் இல்லை, குறைபாடே உண்டு என்பார் அகுஸ்தீனார் (‘கடவுளின் நகரம்’, 12ஆம் நூல்). அவர் விடையும் இவ்வெல்லையைக் கடக்கவில்லை.

சாத்தானின் செருக்கை ‘ஆணவம்’ எனக் குறித்து, சைவ சித்தாந்தத்தின் ஆணவ மலத்தோடு இணைத்துக் காண்போர் ஒன்றைக் கருதவேண்டும். சித்தாந்தத்தில் உயிர் படைக்கப்பட்டதன்று. ஆணவமும், செம்பிற் களிம்புபோல, அநாதியே உயிரைப் பற்றியுள்ளது. முன்பு தூயதாயிருந்து பின்பு வீழ்தல் என்பது அங்கில்லை. சாத்தானின் ஆணவம் செயல். சித்தாந்த ஆணவம் நிலை. இறைவனைப் பழியினின்று நீக்கச் சித்தாந்தம் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி என்கிறது. கிறித்தவமோ படைப்பைக் கைவிடாமல், முதற்குற்றத்தைக் காரணம் காணவியலாததாக விடுகிறது. சொல்லொற்றுமையைப் பொருளொற்றுமையாகக் கொள்ளின், இவ்விரு மரபுகளும் அவ்வினாவோடு பொருதமை மறைந்துபோகும்.