இரண்டாண்டுக் கெடு

உளச்சிகிச்சை முடிந்த பிறகு சிகிச்சையாளரும் அவரிடம் சிகிச்சை பெற்றவரும் பாலுறவு கொள்ளலாமா என்ற கேள்விக்கு அமெரிக்க உளவியல் சங்கம் 1992-ல் விடை வகுத்தது. குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழிய வேண்டும். அதன் பிறகும் மிக அபூர்வமான சூழலில் மட்டுமே அனுமதி. சுரண்டல் நிகழவில்லை என்று நிறுவும் பொறுப்பு உளவியலாளருடையது. 2002-ல் திருத்தப்பட்ட நெறிமுறையிலும் இவ்விதி நீடிக்கிறது. வாழ்நாள் தடை என்பது வயதுவந்த ஒருவரைக் காலமெல்லாம் நோயாளியாகவே நடத்துவது என்பார்கள் இதன் ஆதரவாளர்கள்.

அதில் ஓரளவு நியாயம் உண்டு. முந்தைய நெறிமுறை முன்னாள் நோயாளிகளைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஓட்டையை இவ்விதி அடைத்தது.

கோளாறு, காலத்தை அளவுகோலாக்கியதில் இருக்கிறது. மருத்துவர்மேல் நோயாளிக்கு எழும் காதலைச் சிகிச்சைச் சூழலே தூண்டுகிறது, மருத்துவர் அதைத் தம் கவர்ச்சிக்குக் கிடைத்த வெற்றியாக எண்ணக் கூடாது என்று ஃபிராய்ட் 1915-லேயே எழுதினார். ஒருவர் யாரிடமும் சொல்லாத அவமானங்களையும் அச்சங்களையும் வாரந்தோறும் சொல்கிறார். கேட்பவர் தம்மைப் பற்றி ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு கடைசிச் சந்திப்போடு தீராது. எந்தச் சொல்லுக்கு அவர் உடைந்துபோவார், எந்த மௌனத்துக்கு நடுங்குவார் என்பது இருபத்து நான்கு மாதம் கழித்தும் மற்றவருக்குத் தெரியும். அதே நெறிமுறை ரகசியம் காக்கும் கடமைக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. கேட்டறிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதற்குக் கெடு இல்லை. அதை அறிந்தவர் படுக்கையைப் பகிர்வதற்கு மட்டும் கெடு உண்டு!

கெடு சிகிச்சைக்குள்ளேயே நுழைந்தும் கெடுக்கிறது. என்றோ ஒருநாள் அனுமதி கிடைக்கும் என்று அறிந்த சிகிச்சையாளருக்கு, நோயாளியின் தேவையைப் பாராமல் சிகிச்சையை முடித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. சிகிச்சையின்போது உறவுக்கு அழைப்பு விடும் சொல்லோ செயலோ இருந்ததா என்பதையும் விதி பார்க்கச் சொல்கிறது. மூடிய அறையில் இருவர் பேசியதற்குச் சாட்சி யார்? குறிப்பேட்டை எழுதியவரே குற்றம் சாட்டப்படுபவர். காதல் நீடிக்கும்வரை எவரும் புகார் செய்வதில்லை. புகார் வரும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும்.

இரண்டு என்ற எண்ணுக்கு மருத்துவ அடிப்படையும் இல்லை. அமெரிக்க ஆலோசகர் சங்கம் 2005-ல் அதை ஐந்தாக்கியது. ஐந்துக்கும் அதே ஆட்சேபம் பொருந்தும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமோ 1993-ல், முன்னாள் நோயாளியுடனான பாலுறவும் நெறிக்குப் புறம்பானது என்று கெடு ஏதுமின்றி அறிவித்தது. அதனால் உண்மையான சில திருமணங்கள் தடைபடலாம்; அந்த இழப்பு ஏற்கத்தக்கதே. மனத்துயர் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது. அப்போது பழைய சிகிச்சையாளரிடமே மீண்டும் போகும் உரிமை நோயாளிக்கு வேண்டும். கணவராகவோ காதலராகவோ ஆகிவிட்டவரிடம் அவர் சிகிச்சைக்குப் போக முடியாது.