அடைத்துவிட்டால் ஆயிற்றா?

கல்லீரல் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய கூட்டங்களில் இப்போது கைதட்டல் வாங்குபவை இரண்டு ஆஞ்சியோ படங்கள். முதல் படத்தில், தமனியில் செலுத்திய சாயம் கட்டியில் தங்காமல் 'ஷண்ட்' எனும் குறுக்குவழியில் போர்ட்டல் சிரைக்குள் பாய்கிறது. இரண்டாவதில் அந்த வழியைக் காயிலோ பசையோ வைத்து மூடியிருக்கிறார்கள். 'ஷண்ட் இருந்தால் டேஸ் கூடாது என்ற காலம் போய்விட்டது' என்று பேச்சு முடிகிறது. டேஸ் என்பது தமனி வழியே கட்டிக்கு மருந்து செலுத்தி, அந்தத் தமனியை அடைக்கும் சிகிச்சை.

அதில் பாதி சரி. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியே வருகிறது. கட்டி குடிப்பதோ தமனி இரத்தத்தை. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் டேஸ். ஷண்ட் திறந்திருந்தால் மருந்து நல்ல ஈரலுக்குள் போகும். கல்லீரல் சிரையோடு இணைப்பு இருந்தால் நுரையீரலுக்கே ஏறும். அடைத்தால் அந்த ஆபத்து குறையும். சிரையின் அழுத்தம் இறங்கி, இரத்த வாந்தி நிற்பதும் உண்டு. இதை மறுப்பவன் அல்ல நான்.

என் குறை வேறு. பல வருஷமாகச் சொல்லிவருவது. திருநெல்வேலிப் பக்கம் கன்னடியன் கால்வாய்க் கரையில் நண்டு வளை வழியே தண்ணீர் கசிந்தால் மணல்மூட்டை போடுவார்கள். அன்றைக்குக் கசிவு நிற்கும். நண்டு உள்ளேதான் இருக்கும். நாலு நாளில் பக்கத்தில் ஈரம் காணும். பெரிய ஷண்டும் சும்மா வருவதில்லை. பல சமயம் கட்டி போர்ட்டல் சிரைக்குள் புகுந்துவிட்டதன் அடையாளம் அது. அடைத்த ஷண்ட் மறுபடி திறப்பதும் புதிதல்ல. சிரைக்குள் புகுந்த கட்டியை, கல்லீரல் புற்றுநோயைக் கட்டங்களாகப் பிரிக்கும் பார்சிலோனா வகைப்பாடு முற்றிய கட்டத்தில் வைத்து, உடல் முழுதும் பரவும் மருந்தையே முதலில் சொல்கிறது. அந்த வகை மருந்துகள் எல்லாமே எட்டாக்கனி அல்ல: 2012-ல் இந்தியாவில் வேறு கம்பெனியும் தயாரிக்கக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டதும், மாதம் ஏறத்தாழ 2.8 லட்சம் ரூபாயாக இருந்த சோராஃபெனிப் 8,880 ரூபாய்க்கு வந்தது.

ஆதாரம் என்று எதைக் காட்டுகிறார்கள்? டேஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த 2002-ன் பார்சிலோனா, ஹாங்காங் ஆய்வுகள் பொறுக்கியெடுத்த நோயாளிகளிடம் நடந்தவை. ஷண்டை அடைத்துச் செய்த டேஸ் பற்றியவை பெரும்பாலும் பழைய கோப்புகளைப் புரட்டி எழுதியவை. அடைபட்டவர்கள் கூடுதல் நாள் இருந்தார்களாம். அடைத்ததால் இருந்தார்களா, அடைக்கத் தோதான நோயாக இருந்ததால் இருந்தார்களா? இந்தக் கேள்விக்குப் பதில் வராமலே கைதட்டல் வந்துவிடுகிறது.

ஷண்டைக் கண்டுபிடிக்க ஆஞ்சியோ மேசைவரை போக வேண்டியதும் இல்லை. சாயம் ஏற்றி முப்பத்தைந்து விநாடி வாக்கில் எடுக்கும் சி.டி. படத்திலேயே, மங்கலாக இருக்க வேண்டிய போர்ட்டல் சிரை தமனியோடு சேர்ந்து வெளுத்துத் தெரியும். அதை அன்றைக்கே பார்த்து, குடும்பத்தை உட்காரவைத்துச் சொல்ல வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் வந்து இறங்குகிறவர், நீர் கோத்த வயிற்றுக்காக வேட்டியைத் தளர்த்திக் கட்டியிருக்கிறார். அவர் கேட்பது ஷண்டைப் பற்றி அல்ல: "சோறு இறங்குமாய்யா? தண்ணி எடுக்க இன்னும் எத்தன தடவ வரணும்?"

அந்த இரண்டு படங்களில் இதற்குப் பதில் இல்லை. மூன்றாவதாக ஒன்று கேட்கிறேன்: மூன்று மாதம் கழித்து எடுத்த படம். கூடவே அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி. அதன்பிறகு நானும் கைதட்டுகிறேன்.