சந்தர்ப்பங் கூறல்: ஒரு வினையின் பொருளும் பயன்பாடும்

'சந்தர்ப்பங் கூறி விளக்குக' என்பது இலங்கையில் தமிழிலக்கியம் பயில்வோர் நன்கறிந்த பரீட்சைக் கட்டளை. கூறியவர் யார், யாருக்கு, எவ்விடத்தில் என்பவற்றை இரண்டொரு வாக்கியங்களிற் குறித்துவிட்டுப் பொருளுரைப்பது மாணவர் வழக்கம். திறனாய்வுக் கட்டுரைகள் பலவற்றிலும் இதுவே நிகழ்கின்றது. 'சமூகப் பகைப்புலம்' என ஒரு பகுதி முன்னே நிற்க, நூலாய்வு அதனோடு ஒட்டாது தனியே செல்கின்றது. சந்தர்ப்பங் கூறல் என்னும் வினை இவ்வளவில் முற்றுப்பெறுமா என்பது ஆராயத்தக்கது.

புறநானூற்றின் 112ஆம் பாடலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். சென்ற திங்களின் முழுநிலவில் தந்தையும் குன்றும் தமக்கிருந்தமையையும், இத்திங்களின் நிலவில் இரண்டும் இல்லாமையையும் கூறும் சிறு பாடல் அது. அதன் கொளு, திணை பொதுவியல் எனவும் துறை கையறுநிலை எனவும் பாடியோர் பாரி மகளிர் எனவும் குறிக்கின்றது. இவை சந்தர்ப்பத்துக்கான செய்திகளே. இவற்றை எடுத்துரைத்தல் மட்டும் சந்தர்ப்பங் கூறலாகாது.

குன்றைக் கொண்ட வேந்தரைப் பாடல் வெற்றி முரசுடையோர் எனச் சிறப்பிக்கின்றது. பழைய உரையாசிரியர் இவ்வடைமொழியை இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்கின்றார். மூவர் கூடி முற்றியும் போரில் வெல்லவியலாது பாரியை வஞ்சித்துக் கொன்றனர் என்பது அவர் கருத்து. படையாற் பறம்பைக் கொள்ளல் அரிது என்னும் கபிலரின் 109, 110ஆம் பாடல்களோடு இது இயைகின்றது. இங்குச் சந்தர்ப்பம் முன்னுரையாக நில்லாது, ஒரு சொல்லின் பொருளையே மாற்றிவிடுகின்றது.

எனினும், அதே சொல்லை வேறொரு சந்தர்ப்பத்திலும் வைத்து நோக்கலாம். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட, பண்டைத் தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றிய ஆங்கில ஆய்வு, அப்பாடல்களை வாய்மொழி மரபினுள் வைத்து, மீண்டும் மீண்டும் வருஞ் சொற்றொடர்களை அம்மரபின் இயல்பாக விளக்கியது. அந்நோக்கில் முரசு பற்றிய அடைமொழி வேந்தர்க்கு வழமையாக வழங்கும் வாய்பாடாகலாம்; இகழ்ச்சி அதிலே கட்டாயமன்று. கொளுக்கள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்னும் ஆய்வாளர் கருத்தும் இங்கு மனங்கொள்ளத்தக்கது.

எனவே சந்தர்ப்பம் பாடலைச் சுற்றி ஆயத்தமாய்க் கிடக்கும் பொருளன்று; திறனாய்வாளன் தெரிந்தெடுப்பது. வழமையான வாய்பாடும் தந்தையை இழந்த மகளிரின் வாயிலே வசையாகலாம் என வாதிடுவோன், மரபையும் நிகழ்ச்சியையும் ஒருங்கே காட்டக் கடமைப்பட்டவன். எச்சொல்லை, எச்சூழலில் வைத்தமையால், எப்பொருள் மாறிற்று என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தருமிடத்தே சந்தர்ப்பங் கூறல் நிறைவுறும். அவ்விடை இல்லாத பகைப்புலம், எத்துணை விரிவாயினும், வரலாற்றுக் குறிப்பேயன்றித் திறனாய்வாகாது.