நிரூபணத்துக்கு முன்பே கிடைத்த பரப்பு: ஆலன் ஷோனின் 1970ஆம் ஆண்டு நாசா குறிப்பு – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஜைராய்டு என்னும் வளைபரப்பை விளக்கிய ஆலன் ஷோனின் தொழில்நுட்பக் குறிப்பு, தூய கணிதம் பின்னாளில் பொறியியலுக்குப் பயன்பட்டதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அக்குறிப்பின் இயல்பும் அது ஏற்கப்பட்ட வரலாறும் அவ்வாசிப்புக்கு இடந்தரவில்லை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

குறிப்பும் அதன் களமும்

1970ஆம் ஆண்டு மே மாதம் நாசா நிறுவனம் டி-5541 என்னும் எண் கொண்ட தொழில்நுட்பக் குறிப்பை வெளியிட்டது. அதன் ஆசிரியர் ஆலன் ஷோன் இயற்பியலாளர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இயங்கிய நாசாவின் மின்னணுவியல் ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றியவர். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாமல் மூன்று திசைகளிலும் முடிவின்றித் திரும்பத் திரும்ப வரும் மீச்சிறு பரப்புகளே குறிப்பின் பொருளாகும். அவற்றுள் பன்னிரண்டு ஷோன் புதிதாக முன்வைத்தவை. குறிப்பு வெளிவந்த அடுத்த மாதமே அம்மையம் மூடப்பட்டது.

இக்குறிப்பு இருவகையாக வாசிக்கப்படுகிறது. விண்வெளிக்கு ஏற்ற, எடை குறைந்த, உறுதி மிக்க கட்டமைப்பைத் தேடியபோது கிடைத்த பொறியியல் விளைபொருள் என்பது ஒன்று. பயன் கருதாத கணிதம், பயன் தானாக வந்து சேர்ந்தது என்பது மற்றொன்று. ஆய்வுநிதி கோரும் விண்ணப்பங்களுக்கு இரண்டுமே வசதியானவை. ஆயின் குறிப்பின் பெரும்பகுதி படிக அணிக்கோவை, வலைச்சட்டகம், சமச்சீர் ஆகியவற்றைப் பேசுகிறதே அன்றிச் சுமை தாங்கும் திறனைப் பேசவில்லை. எனவே முதல் வாசிப்பு நிற்பதற்கில்லை. கணிதம் எதிர்பார்க்கும் நிரூபணமும் அதில் இல்லை. ஆகவே இரண்டாவதும் தளர்கிறது.

ஒரு நூற்றாண்டு மறைந்திருந்த பரப்பு

‘மீச்சிறு’ என்னும் சொல் மயக்கம் தரக்கூடியது. முடிவின்றி விரியும் பரப்பில் சிறியது எது என்னும் ஐயம் இயல்பானதே. அதன் எந்தச் சிறு துண்டை எடுத்தாலும், அத்துண்டின் விளிம்பைப் பற்றி நிற்கக்கூடிய பரப்புகளுள் அதுவே குறைந்த பரப்பளவுடையது என்பதுதான் பொருள். கம்பி வளையத்தில் படியும் சோப்புப் படலம் இதற்குக் கண்கூடான எடுத்துக்காட்டாகும்.

19ஆம் நூற்றாண்டில் ஹெர்மன் ஷ்வார்ட்ஸ் இவ்வழியிலேயே சென்றார். நேர்கோடுகளால் ஆன சட்டத்தில் பொருந்தும் ஒரு துண்டைக் கண்டறிந்து, அக்கோடுகளை அச்சாகக் கொண்டு சுழற்றிச் சுழற்றி வெளி முழுவதையும் நிரப்பினார். இன்று பி, டி எனப்படும் இரு பரப்புகளும் அவ்வாறு கிடைத்தன. அவர் மாணவர் நியோவியஸ் 1883இல் மேலும் ஒன்றைச் சேர்த்தார்.

ஜைராய்டு இம்முறைக்கு அகப்படவில்லை. அதில் ஒரு நேர்கோடுகூட இல்லை. ஆடிச் சமச்சீரும் இல்லை. சட்டம் கட்டவோ பிரதிபலித்து நீட்டவோ பிடிமானம் கிடையாது. இத்தனைக்கும் அது ஷ்வார்ட்ஸின் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது. டி பரப்பை இழுக்காமல், கிழிக்காமல் வளைத்து பி பரப்பாக மாற்ற ஒரு வழியுண்டு. போனே பெயரால் வழங்கும் அம்மாற்றத்தில் கோணம் 0 பாகையிலிருந்து 90 பாகை வரை செல்லும். இடையில் தோன்றும் பரப்புகள் தம்மைத் தாமே வெட்டிக்கொள்கின்றன, ஏறத்தாழ 38.01 பாகையில் மட்டும் வெட்டு இல்லை. அதுவே ஜைராய்டு.

வெட்டு இல்லை என்பதை ஷோன் தேற்றமாக நிறுவவில்லை. கணக்கீடும், நெகிழி அச்சுகளைக் கோத்து உருவாக்கிய மாதிரிகளும் அவருக்குத் துணைநின்றன. இதனைக் குறையாகச் சுட்டுவது தவறன்று. கண்ணுக்குப் பொருந்துவது கணிதத்தில் உண்மையாகிவிடாது. ஆனால் அக்குறைக்காகக் குறிப்பையே ஒதுக்கியது மிகை. இயற்கை அறிவியலார் இப்பரப்புகளை எடுத்தாண்டபோது கணித உலகில் அவை பெரிதும் அறியப்படாமலே கிடந்தன. 1989இல் ஹெர்மன் கார்ஷர் அவற்றின் இருப்பை நிறுவினார். ஜைராய்டு தன்னை வெட்டிக்கொள்வதில்லை என்பதைக் குரோஸ்-பிராக்மன், வோல்கெமுத் ஆகியோர் 1996இல் நிறுவினர். கண்டுபிடிப்புக்கும் நிறுவலுக்கும் இடையே கால் நூற்றாண்டு கடந்தது. பட்டாம்பூச்சிச் சிறகின் செதில்களிலும் கூட்டுப் பல்லுறுப்பிகளிலும் அவ்வடிவம் கண்டறியப்பட்டுள்ளது. லுட்சாட்டியும் ஸ்பெக்டும் 1967இலேயே ஸ்ட்ரான்சியம் சோப்பில் அதன் பின்னல் வலையை விவரித்திருந்தனர் என்பதும் கருதத்தக்கது. பரப்பு என்னும் கருத்து அவர்களிடம் இல்லை.

பொருளும் தடிப்பும்

பொறியியல் தொடர்பை மறுப்பதற்கில்லை. ஜைராய்டு வெளியை ஒன்றோடொன்று கலவாத இரு சுரங்கப் பின்னல்களாகப் பிரிக்கிறது. ஒன்றில் சூடான பாய்மமும் மற்றதில் குளிர்ந்த பாய்மமும் செல்லும் வெப்பப் பரிமாற்றி அமைக்க இது உகந்தது. கூர்முனை இன்மையால் தகைவு ஓரிடத்தில் குவிவதும் குறைகிறது. முப்பரிமாண அச்சு வந்த பிறகே இத்தகைய வடிவங்களைச் செய்வது எளிதாயிற்று.

ஆயினும் ஒரு நுட்பம் விடுபட்டுவிடுகிறது. கணிதப் பரப்புக்குத் தடிப்பு இல்லை, உலோகத்துக்கு உண்டு. பரப்பளவு மிகக் குறைவு என்பது வலிமை மிக அதிகம் என்பதற்கு ஈடாகாது. முன்னது வடிவியல் கூற்று, பின்னது பொருளும் தடிப்பும் சுமையின் திசையும் சேர்ந்து முடிவுசெய்வது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் ஜைராய்டு வடிவக் கிராஃபீன் பற்றி 2017இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. மென்எஃகின் அடர்த்தியில் 4.6 விழுக்காடே உள்ள அக்கட்டமைப்பு அதைவிடப் பத்து மடங்கு வலிமையுடையது என்று அவ்வாய்வு கூறியது. அடர்த்தி குறையக் குறைய அதன் இயந்திரப் பண்புகள் பல்லுறுப்பி நுரைகளைவிட விரைவாகச் சரிகின்றன என்றும் அதே வாக்கியம் தொடர்ந்தது. செய்திகளில் பரவியது முற்பகுதி மட்டுமே.