நம்பத்தகுந்த கதைகள்

சுவிஸ் நெறியாளர் பீற்றர் லூயிசியின் 'த லாஸ்ற் ஸ்கிறீன்றைற்றர்', பார்க்கப்படுவதற்கு முன்பே சர்ச்சைக்குள்ளான படம். அதன் திரைக்கதையை எழுதியது சட்-ஜிபிரி என்ற செயற்கை அறிவு. 2024 யூன் 23 அன்று லண்டன் பிறின்ஸ் சாள்ஸ் திரையரங்கில் நடக்கவிருந்த முதற்காட்சி, ஏறத்தாழ இருநூறு பேரின் ஆட்சேபணையால் நிறுத்தப்பட்டது. ஆட்சேபித்தவர்களில் எவரும் படத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. (வாசிக்காமலே எதிர்ப்பதில் எங்களவர்களுக்கு நிகர் எவருமில்லை என்று நினைத்திருந்தேன்.) லூயிசி பின்னர் படத்தை இணையத்தில் இலவசமாகவே வெளியிட்டார். உருவான விதத்தையும் மறைக்கவில்லை. நேர்மையான காரியம்தான்.

இயந்திரத்தைவிடத் தான் மட்டமானவன் என்று உணரும் ஒரு திரைக்கதையாளனைப் பற்றி எழுது என்று இயந்திரத்திடமே கேட்கப்பட்டது. அது எழுதித் தந்த கதையில் ஜாக் என்ற பெயர்பெற்ற எழுத்தாளன், திறமையில் மட்டுமல்ல, மனித உணர்வுகளைப் புரிந்துகொள்வதிலும் இயந்திரம் தன்னை மிஞ்சுவதைக் காண்கிறான். தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் யார்தான் குறைத்து எழுதுவார்கள்! படத்தில் பெரும் பிழையென்று சுட்டிக்காட்ட எதுவுமில்லை. அதுதான் என் குறை. இதுவரை எழுதப்பட்ட எண்ணற்ற பக்கங்களிலிருந்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிப்பதுதான் இவ்வியந்திரத்தின் தொழில். வரக்கூடியதே வந்துகொண்டிருக்கிறது.

இதே லூயிசிதான் 2014இல் 'ஸ்வைற்சர் ஹெல்டன்' எடுத்தவர். லொகார்னோ விழாவில் பார்வையாளர் விருது பெற்ற படம் அது. நத்தார் காலத்தில், மலைப்பகுதி அகதிமுகாமொன்றில், சுவிஸ் பெண்ணொருத்தி அங்குள்ளவர்களைக் கொண்டே வில்லியம் ரெல் நாடகத்தை மேடையேற்றப் புறப்படுகிறாள். கம்பத்தில் மாட்டிய தொப்பிக்கு வணங்க மறுத்தவனின் கதையை, வேறு தேசங்களில் வேறு தொப்பிகளுக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் நடிக்கிறார்கள். அதுவும் நெஞ்சை நனைக்கும் சூத்திரப் படம்தான், மறுப்பதற்கில்லை. சூத்திரம் இயந்திரத்தோடு வந்ததல்ல. எங்கள் கடைகளில் வாடகைக்கு எடுத்துப் பார்த்த வீடியோ கசற்றுகள் போதும் அதற்குச் சாட்சி. ஆனால் ரெல்லின் வில்லை அகதியின் கையில் கொடுத்துப் பார்ப்போமே என்ற யோசனை சராசரியிலிருந்து பிறப்பதல்ல. சுவிஸ்காரர் தம் புனிதக் கதையைத் தாமே சற்று அந்நியமாகப் பார்க்க நேர்கிறது. பத்து வருடத்தில் லூயிசி எதைக் கைவிட்டுப் பரிசோதித்தார் என்பதை இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விளங்கும்.

எழுதுவதற்கு மட்டுமல்ல, எடைபோடுவதற்கும் இயந்திரம் வந்துவிட்டது. லோசானைச் சேர்ந்த லார்கோ.ஏஐ என்ற நிறுவனத்திடம் திரைக்கதையைக் கொடுத்தால் பாத்திரங்கள், படத்தின் வகை, பார்வையாளர், வசூல் பற்றிய கணிப்புகள் கிடைக்கின்றன. தயாரிப்பாளருக்கு உதவலாம். ஆயினும் இத்தகைய கணிப்பு முன்பு வந்த படங்களை வைத்தே செய்யப்படுகிறது. முன்பு எடுக்கப்படாத வாழ்க்கைக்கு அங்கே என்ன நிறை?

கதையை அளக்கும் கோல் எங்களுக்குப் புதிதல்ல. 1998ஆம் ஆண்டின் சுவிஸ் அகதிச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, முக்கிய விடயங்களில் போதிய விபரமற்ற, முரண்பட்ட, உண்மை நிலைமைகளுக்குப் பொருந்தாத கூற்றுகளை நம்பத்தகாதவை என்கிறது. சட்டத்துக்கு ஏதோவொரு அளவுகோல் வேண்டும்தான். ஆனால் ஷெல்லடிக்குள் ஓடியவனின் நினைவில் திகதிகள் வரிசையில் நிற்பதில்லை. நன்கு அடுக்கப்பட்ட கதை பொய்யாகவும் குழம்பிய கதை உண்மையாகவும் இருக்கக்கூடும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தமிழில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 2013இல் வந்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யை ஈரோஸ் நிறுவனம் 2025 ஓகஸ்ற் 1 அன்று மீண்டும் வெளியிட்டது. மூலத்தில் இறந்துபோன நாயகன் செயற்கை அறிவின் தயவில் உயிர்பிழைத்தான். நெறியாளர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் கண்டித்தார்கள். உரிமை தங்களிடம் உள்ளது என்றது நிறுவனம். மேம்படுத்தல் என்பது இங்கே சாவை அழிப்பதாகிவிட்டது. எங்கள் எழுத்தில் செத்தவர்கள் செத்தே கிடக்கிறார்கள். காணாமற்போனவர்களின் கதைகளுக்கு முடிவே கிடையாது. அதைக் குறைபாடாகக் கணிக்கும் இயந்திரம் முடிவொன்றையும் சேர்த்தே தரும்.

இங்கு பிறந்த எங்கள் பிள்ளைகள் தாயின் கதையை ஜேர்மன் மொழியில் எழுதும்போது இயந்திரத்திடம் திருத்தக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், இலக்கணமாவது சரியாகும். அம்மா ஒரே இரவை இரண்டு விதமாகச் சொன்ன இடத்தில் மட்டும் கைவைக்கவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள்.