‘துணைப்பண்பாடு’ என்னும் சொல்லும் பழனி மலைப் பளியரும்

பெருஞ்சமூகம் ஒன்றினுள் தனித்த வழக்காறுகளோடு வாழும் சிறுகுழுவின் வாழ்முறையைச் சுட்டத் ‘துணைப்பண்பாடு’, ‘உட்பண்பாடு’ என்னும் சொற்கள் தமிழ்ச் சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளில் தயக்கமின்றி ஆளப்பட்டு வருகின்றன. இக்கருத்தாக்கத்தை 1947இல் வரையறுத்த மில்டன் கோர்டன், ஒரு தேசப் பண்பாட்டின் உட்பிரிவாகவே அதனைக் கருதினார். வர்க்கம், இனம், வட்டாரம், சமயம் ஆகியவற்றின் சேர்க்கையால் அமெரிக்கச் சமூகத்தினுள் தோன்றும் வேறுபாடுகளை விளக்க அவருக்கு அது பயன்பட்டது. பகுதி என ஒன்றைச் சொல்வதற்கு முன்பே முழுமை எது என்பது அவருக்கு முடிவாகிவிட்டிருந்தது. பழனி மலைப் பளியரைப் பற்றி எழுதும்போது அந்த முன்முடிவையும் நாம் சேர்த்தே ஏற்றுக்கொள்கிறோம். அது பொருந்துமா என்று கேட்பதில்லை. அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழனி மலையை ஒரே ‘குறிஞ்சிப் பண்பாட்டின்’ நிலமாகக் காண்பது நம் ஆய்வேடுகளில் ஏறத்தாழ ஒரு சடங்காகிவிட்டது. பொதினியும் பேகனும் முதல் இயலில் வருவர். புறநானூற்றுக் கோடைப் பொருநன் கடிய நெடுவேட்டுவன் அடுத்து வருவான். மூன்றாம் இயலில் இன்றைய பளியர் அவர்களின் எச்சமாக நிறுத்தப்படுவர். இடைப்பட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் ஒரு பத்தியில் கடந்துபோகும். உண்மையில் இம்மலையில் வாழ்வோர் ஒரு குழுவினர் அல்லர். படிக்கட்டு வயல்களில் வேளாண்மை செய்யும் குன்னுவர், கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து முன்னொரு காலத்தில் ஏறிவந்தவர்கள் என்னும் மரபு நெல்சனின் மதுரை நாட்டுக் கையேட்டிலேயே (1868) பதிவாகியுள்ளது. அவர்களின் வயல்களில் உழைத்த புலையர் இன்று அட்டவணைச் சாதியினர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் எனக் கோரி வருகின்றனர். 1845 முதல் கொடைக்கானலில் குடியேறிய அமெரிக்க மதுரை மிஷனார், செண்பகனூரின் இயேசு சபையார், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் வந்துசேர்ந்த இலங்கை மலையகத் தமிழர் என ஒவ்வொரு காலத்திலும் புதியவர்கள் வந்துள்ளனர். ‘குறிஞ்சி’ என்னும் பெயரின் இன்றைய பெருமைக்கும் அண்மைக்கால வரலாறு ஒன்று உண்டு. குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் எழுப்பியவர் யாழ்ப்பாணத்துப் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும் ஐரோப்பிய வழிவந்தவருமான லீலாவதி அம்மையார். திணைப்பெயர் தெய்வப்பெயரான இந்நிகழ்வைத் தொல்மரபின் தொடர்ச்சியாக எழுதுவோர் அதன் ஆண்டைக் குறிப்பிடாமல் விடுவது வியப்பன்று.

பளியரைப் பற்றிய எழுத்துப் பதிவுகளுக்கு வருவோம். 1908இல் ‘ஆந்த்ரோபோஸ்’ இதழில் பழனி மலைப் பளியர் குறித்து இயேசு சபைத் துறவி டாமென் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதி, பளியர் பகுதியில் டாமென் தந்த குறிப்புகளையே பெரிதும் சார்ந்துள்ளது. தர்ஸ்டனை மேற்கோளாகக் காட்டும் தமிழ் ஆய்வேடுகள் பலவும், தாம் ஒரு மிஷன் துறவியின் பார்வையை மறுபதிப்புச் செய்கிறோம் என்பதை உணர்ந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு மாறான திசையில் சென்றவர் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர். 1960களின் தொடக்கத்தில், பெரும்பகுதி பழனி மலைக்குத் தெற்கே, பளியரிடையே களப்பணி செய்த அவர், 1966இல் வெளியிட்ட கட்டுரையில் இரு கருத்துகளை முன்வைத்தார். ஒன்று, ‘சமச்சீர் மதிப்பு’: எவரும் எவரையும் அடக்கலாகாது, எவரும் எவரையும் சார்ந்தும் நிற்கலாகாது. போட்டி தவிர்க்கப்படும். பூசல் எழுந்தால் நியாயம் கேட்டு மோதுவதைவிட விலகிச் செல்வதே முறை. மற்றொன்று, அறிவு பொதுவான கோட்பாடுகளாகத் தொகுக்கப்படாமல் ஒவ்வொருவரின் பட்டறிவாகவே நிற்றல். பளியர் மிகக் குறைவாகப் பேசுவோர் என்னும் அவருடைய கூற்று, பேச்சின் இனவரைவியல் பற்றிய ஆங்கில எழுத்துகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. 1982இல் ஜேம்ஸ் உட்பர்ன் சமத்துவச் சமூகங்களைப் பற்றி எழுதியபோது, ஆப்பிரிக்காவின் ஹட்சா, இம்புட்டி மக்களோடு பளியரையும் ஒரே வரிசையில் வைத்தார். உணவைத் தேடிப் பெற்ற அன்றே பயன்கொள்ளும், சேமிப்பின்வழி ஏற்றத்தாழ்வு உருவாக இடந்தராத சமூகங்கள் இவை என்பது அவர் வாதம். உலக மானிடவியலில் தனிவகைச் சமூக அறம் ஒன்றுக்குச் சான்றாகும் மக்கள், தமிழியலில் சங்க காலத்தின் எச்சமாகச் சுருங்கிப்போகின்றனர்.

இவ்வேறுபாடு நம் கண்ணுக்குப் புலப்படாமைக்குத் தலையாய காரணம் மொழி. பளியர் பேசுவது தமிழின் ஒரு கிளைவழக்கு. உறவுமுறைச் சொற்களும் பெரிதும் நமக்குத் தெரிந்தவையே. சாமியாடி வழியே தெய்வத்தைக் கலந்து கேட்கும் வழக்கமும் நமக்குப் புதிதன்று. தோதவரையோ கோத்தரையோ போல மொழியால் வேறுபட்டிருந்தால் அவர்களைத் தமிழ்ப் பண்பாட்டின் ‘துணை’ என எழுதுமுன் சற்றேனும் தயங்கியிருப்போம். மூத்தோர்–இளையோர், மேல்–கீழ் என்னும் வரிசைமுறை சமவெளித் தமிழ் வாழ்வின் ஒவ்வொரு விளியிலும் படிந்துள்ளது. அதே மொழியைப் பேசிக்கொண்டே அவ்வரிசைமுறையை அறமாக ஏற்காத ஒரு வாழ்வு நிலவ முடியும் என்பதற்குப் பளியர் சான்று. மொழி ஒன்றாயின் பண்பாடும் ஒன்று என்னும் நம் வசதியான எடுகோள் இங்குத் தடுமாறுகிறது.

கார்ட்னரையும் அப்படியே ஏற்பதற்கில்லை. அவருடைய 1966ஆம் ஆண்டு விளக்கம், வலிமை மிக்க அண்டைச் சமூகத்தின் அழுத்தத்தால் காட்டுக்குள் ஒதுங்கியவர்கள் என்னும் கருத்தில் நிற்கிறது. பளியரின் அறத்துக்குக் காரணமும் இறுதியில் சமவெளியாரே என்றாகிவிடுகிறது. ‘துணைப்பண்பாடு’ என்னும் சொல்லில் உள்ள அதே மையநோக்கு வேறு வழியில் திரும்பி வருகிறது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நூலில் அவர் முன்வைக்கும் ‘இருபண்பாட்டுத் திறன்’ என்னும் கருத்து இதனினும் வலிமையானது. காட்டோரத்தில் கூலி வேலைக்குச் சென்று, சமவெளியாரின் வழிபாட்டையும் நடத்தைமுறைகளையும் கைக்கொண்டு வாழும் பளியர், வேண்டும்போது காட்டு வாழ்வுக்கும் திரும்புகின்றனர். இரண்டிலும் அவர்கள் தேர்ச்சி உடையவர்கள். நம் ஆய்வேடுகளின் இறுதி இயலில் தவறாது இடம்பெறும் ‘மாறிவருகின்றனர்’, ‘மேல்நிலையாக்கம் பெறுகின்றனர்’ என்னும் முடிவுகள் ஒருவழிப் பாதை ஒன்றைக் கற்பித்துக்கொள்பவை. ஒரு பருவத்தில் மாரியம்மனுக்குப் பொங்கலிடுபவர் மறுபருவத்தில் தேனெடுக்கக் காட்டுக்குள் போவதை அவற்றால் விளக்க முடியாது; முதலாவதை மாற்றம் என்றும் இரண்டாவதைப் பின்தங்கல் என்றும் பதிவு செய்துகொள்ளும், அவ்வளவே. எனினும், தெற்கு மலைச்சரிவுகளில் கண்டவற்றைப் பூண்டு வயல்களும் சுற்றுலா விடுதிகளும் சூழ்ந்த மேல்மலைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. குன்னுவர், புலையர் ஆகியோருடன் பளியர் கொண்ட உறவைத் தனியே ஆராய வேண்டும். புலையரும் ‘துணைப்பண்பாட்டினர்’ எனில், விலகிச் செல்லும் வாய்ப்பு இருந்தவர்க்கும் வயலோடு பிணைக்கப்பட்டிருந்தவர்க்கும் ஒரே சொல்லா என்னும் கேள்வி எஞ்சுகிறது.

சொல் பற்றிய இவ்விவாதம் வகுப்பறையோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் பளியரின் பெயர், எழுத்துவேறுபாட்டால் மட்டும் பிரிந்த மூன்று தனி உள்ளீடுகளாக உள்ளது. நடுவண் அரசின் பாதிப்புக்கு மிகவும் உள்ளாகக்கூடிய பழங்குடிக் குழுக்கள் வரிசையில் தமிழ்நாட்டிலிருந்து தோதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்கள் இடம்பெற்றுள்ளன, பளியர் இல்லை. ஆயினும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1)(உ) பிரிவு, வாழிட உரிமையைத் தொன்மைப் பழங்குடிக் குழுக்களோடு ‘வேளாண்மைக்கு முந்தைய சமூகங்களுக்கும்’ உரியதாக்குகிறது. அச்சட்டத்துக்கான 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் விதி, உரிமைகோரலுக்குரிய சான்றுகளுள் அரசிதழ்த் தொகுப்புகளையும், பெயர்பெற்ற நிறுவனங்கள் வழக்காறுகளை ஆவணப்படுத்திய ஆய்வுகளையும் சேர்த்துள்ளது. மலையின் ஒரு பகுதி 2013இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பின் இச்சான்றுகளின் தேவை கூடியிருக்கிறது.

‘நிலையான இருப்பிடமின்றி அலைவோர்’ என ஓர் ஆய்வேடு எழுதும்போது, அது வழக்குமன்றத்திலோ கிராம சபையிலோ எப்படிப் படிக்கப்படும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அதே அலைதலை, எந்தப் பருவத்தில் எந்தக் குடும்பம் எந்தப் பாறைத் தேனுக்கும் எந்தச் சரிவின் வள்ளிக்கிழங்குக்கும் செல்கிறது என இடப்பெயர்களோடு பதிவு செய்தால், அது பருவகால வளப் பயன்பாட்டுக்கான ஆவணமாகும். பேகனைப் பற்றிய முதல் இயலுக்குச் செலவிடும் பக்கங்களில் பாதியை இந்த இடப்பெயர்ப் பட்டியலுக்கு ஒதுக்கிய பல்கலைக்கழக ஆய்வேடு எதனையும் நான் இதுவரை படித்ததில்லை.