ஓவியத்தில் சூசை

தேம்பாவணி பயின்ற மாணவர் சூசையை வளன் என்னும் காப்பியத் தலைவனாக அறிவர். ஆனால் வீரமாமுனிவர் வாயாரப் பாடிய அவ்வளன் நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. மத்தேயு அவரை நேர்மையாளர் என்கிறார். நான்கு முறை கனவு காண வைக்கிறார். கனவு கலைந்ததும் எழுந்து சொன்னதைச் செய்கிறார் சூசை. அவ்வளவே. வாய்மொழியற்ற இம்மனிதரை வண்ணத்தில் காட்டுவது எங்ஙனம்? இடைக்கால ஓவியர்க்கு இஃது எளிய பணியன்று.

இத்தாலியின் பாதுவா நகரில், ஸ்க்ரோவெஞ்னி சிற்றாலயச் சுவரில் 1305ஆம் ஆண்டளவில் ஜொத்தோ தீட்டிய பிறப்புக் காட்சியை நோக்குவோம். மரியாள் குழந்தையை நோக்கிக் கை நீட்டுகிறாள். மேலே வானதூதர் திரள்கின்றனர். சூசையோ கீழே தரையில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, தலையைக் கையில் சாய்த்துக் கண் மூடியிருக்கிறார். ஒதுக்கப்பட்ட கிழவனின் சோர்வு இது என்பாருளர். நமக்கு அது உடன்பாடன்று. இறைவனின் செய்தி அவருக்கு உறக்கத்தில்தானே வந்தது? மத்தேயுவின் நூலுக்கு இவ்வுறக்கத்தினும் நெருங்கிய உரை வேறு வேண்டுமோ!

ஆயினும் நம் நெஞ்சைப் பெரிதும் கவர்வது ஜெர்மனியின் பாட் வில்டுங்கன் ஆலயப் பீடத்தில் 1403இல் கொன்ராட் ஃபொன் சோயெஸ்ட் வரைந்த சூசையே. தாய் சேயைக் கட்டிலில் அணைத்திருக்க, இவர் தரையில் தாழ்ந்து, கன்னம் உப்ப அடுப்பை ஊதிக் கஞ்சி காய்ச்சுகிறார். ஆண்ட்வெர்ப் நகரில் உள்ள, 1400ஆம் ஆண்டையொட்டிய சிறு பலகை ஓவியமொன்றில் தம் காலுறையையே கத்தியால் அறுக்கிறார். பிள்ளையைச் சுற்றத் துணி வேண்டுமல்லவா? இவற்றைக் கண்டு அக்காலத்தார் சிரித்திருக்கவும் கூடும். முதியவன் இளம்பெண்ணை மணந்தது அன்றைய நாடகங்களில் நகைப்புக்குரிய பொருளாயிற்று. எனினும் கஞ்சி காய்ச்சுபவனைப் பழிப்பதற்கென்றே ஓவியன் இத்தனை கருத்தோடு வரைவானா? சிரிப்பும் பரிவும் ஒரே தூரிகையில் கலந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்து ஒன்றை மட்டும் கொள்வது திறனாய்வாகாது.

கான்ஸ்டன்ஸ் திருச்சங்கத்தில் 1416இல் ழான் ஜெர்சோன் சூசையின் பெருமையை எடுத்துரைத்தார். அவருக்குரிய வணக்கம் வளர வளர, பிற்கால ஓவியங்களில் நரை நீங்கி, தோள் நிமிர்ந்த சூசை தோன்றினார். மதிப்பு உயர்ந்தது, அடுப்பு மறைந்தது. இதனை முழு ஆதாயம் என்று கொள்ள நம்மால் இயலவில்லை.

இவ்விரு நிலைகட்கும் இடையில் நிற்பது, ராபர்ட் காம்பினின் பட்டறையில் ஏறத்தாழ 1427க்கும் 1432க்கும் இடையே உருவாகி, இன்று நியூயார்க்கில் உள்ள மெரோட் முப்பலகை ஓவியம். அதன் வலப்பலகையில் சூசை தச்சுப்பட்டறையில் இருக்கிறார், அருகே எலிப்பொறி. சிலுவை சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி என்ற அகுஸ்தீனாரின் உவமையை இதனோடு பொருத்தி மெயர் ஷபிரோ 1945இல் விளக்கினார். விளக்கம் நுட்பமானதே. ஆனால் குறியீட்டைக் கண்ட களிப்பில் தச்சனைக் காணாது விடுதல் தகாது. நடுப்பலகையில் வானதூதன் மரியாளுக்குச் செய்தி கொணர்ந்திருக்க, அவர் தலை நிமிராமல் பலகையில் துளையிட்டுக்கொண்டிருக்கிறார்.